தொடாக் காஞ்சி: நெஞ்சுப் புண், தீட்டு, கடலூர் மாவட்டம்

1

புண்ணுக்கென்று ஒரு துறை வைத்திருந்த இலக்கணம் நம்முடையது. தொல்காப்பியப் புறத்திணையியலில் காஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்று 'தொடாக் காஞ்சி'. போரில் புண்பட்டு வீடு வந்து கிடப்பவனைப் பேய் தொட்டுவிடாதபடி மனைவி காவல் இருப்பது அதன் பொருள். புறநானூற்று 281ஆம் பாட்டில் அரிசில் கிழார் அந்தக் காவலைக் காட்டுகிறார். வீட்டில் இரவந்தழையும் வேப்பந்தழையும் செருகுகிறார்கள். யாழ் வாசிக்கிறார்கள், மணி அடிக்கிறார்கள், வெண்சிறுகடுகைத் தூவுகிறார்கள், நறும்புகை எழுப்புகிறார்கள், காஞ்சிப் பண் பாடுகிறார்கள். பதிற்றுப்பத்து ஐந்தாம் பத்தில் பரணர் இன்னொரு காட்சி தருகிறார். வீரனின் மார்பில் பட்ட புண்ணைத் தைக்கும் நீண்ட வெள்ளூசி, குளத்துக்குள் பாய்ந்து எழும்பும் மீன்கொத்தி மாதிரி உள்ளே போய் வெளியே வருகிறது.

இதைக் காட்டி "தமிழன் அன்றைக்கே கிருமியைக் கண்டுபிடிச்சுட்டான்" என்று மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெருமைக்குள் நான் போகவில்லை. அந்தப் புகைக்கு மருந்துக்குணம் உண்டா என்பது சோதனைச்சாலையில் பார்க்க வேண்டிய விஷயம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தைத்து முடித்ததோடு புண்ணின் கதை முடியவில்லை என்று அந்தச் சமூகம் அறிந்திருந்தது. ஆபத்து வீட்டில், சில நாள் கழித்து, கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் வடிவில் வரும். அதற்கு இரவும் பகலும் ஆள் வேண்டும். அந்த ஆள் பெண்ணாக இருந்தாள். அவளுடைய உழைப்புக்கு இலக்கணம் ஒரு துறையை ஒதுக்கியது.

இன்று நெஞ்சைத் திறந்து இதயத்தில் அறுவை செய்துகொண்டு திரும்புகிறவர்கள் நம் ஊர்களில் நிறைய. கடலூர் மாவட்டத்துக்காரர்கள் பெரும்பாலும் இதற்குப் போவது புதுச்சேரிக்கு, சென்னைக்கு, வேலூருக்கு. நெஞ்சைத் திறக்க அங்கே ஒரு துறை இருக்கிறது, அதற்கொரு தலைவர் இருக்கிறார். ஆள் சிதம்பரம் பஸ்ஸில் ஏறிய பிறகு அந்தப் புண் எந்தத் துறையைச் சேர்ந்தது? இந்தக் கேள்வியைத்தான் கொஞ்சம் வரலாறாகப் பார்க்க நினைக்கிறேன். நான் மருத்துவன் அல்ல, தமிழ் படித்தவன். ஆனால் புண்ணைப் பிரதியாக வாசிக்கும் ஆசை எனக்கில்லை. சீழ் வைத்தால் ஆள் செத்துப்போவான். அதை எந்தக் கோட்பாடும் மாற்றாது. யாருக்குச் சீழ் வைக்கிறது, அதற்கு யாரைக் குற்றவாளி ஆக்குகிறோம் என்பதில்தான் கோட்பாட்டுக்கு வேலை இருக்கிறது.

2

இதயத்தை நிறுத்திவைத்து அதற்குள் வேலை செய்ய வேண்டுமென்றால், அந்த நேரத்தில் ரத்தத்தைச் சுற்றவிட வேறொன்று வேண்டும். இதய-நுரையீரல் இயந்திரத்தை வைத்து முதன்முதலில் வெற்றி கண்டவர் அமெரிக்காவின் ஜான் கிப்பன், 1953 மே மாதம். நெஞ்செலும்பை நட்ட நடுவே மேலிருந்து கீழாக ரம்பத்தால் பிளப்பது 1897இலேயே மில்டன் என்பவர் சொன்ன வழி. அது இதய அறுவையின் ராஜபாட்டையாக ஆனது 1957இல் ஜூலியன் அதை எடுத்துச் சொன்ன பிறகு. வேலை முடிந்ததும் பிளந்த எலும்பை எஃகுக் கம்பியால் முறுக்கிக் கட்டுகிறார்கள். மேலே தசை, தோல், தையல். கம்பி உள்ளேயே இருந்துவிடும். எலும்பு கூட மூன்று மாதம் பிடிக்கும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1961இல் திறந்த இதய அறுவை நடந்தது. இந்தியாவில் இதற்கு முன்னோடியான இடங்களில் அது ஒன்று. அதே 1961இல் பிரிட்டனில் இன்னொன்று பதிவானது. பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிக்காகக் கொண்டுவந்த மெத்திசிலின் என்ற புதிய மருந்துக்கும் அந்தக் கிருமி அடங்க மறுத்தது. மருந்து புழக்கத்துக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இந்த இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று அறியாமல் நடந்தவை. ஆனால் அடுத்த அறுபது ஆண்டுகளில் நெஞ்சுப் புண்ணின் கதை இந்த இரண்டுக்கும் நடுவேதான் ஓடியது.

1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார். 1990 டிசம்பரில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரையில் எம்.எஸ். வலியத்தான் குழுவினர் உருவாக்கிய உள்நாட்டு வால்வு முதல் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வு வாங்க வழியில்லாதவர்களுக்கு அது பெரிய விஷயம். தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். கூலிக்காரர் வீட்டுக்கும் இதய அறுவை எட்டியது இவற்றால்தான். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அட்டை இல்லாத காலத்தில் மூச்சிரைத்துச் செத்தவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள்.

யாருக்கு வால்வு கெடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கே பெரும்பங்கு வாதக் காய்ச்சலால் வருவது. ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தொண்டைப்புண் வருகிறது. அதன் காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி. உடம்பு அதை எதிர்த்துப் போரிடும்போது சொந்த இதய வால்வையே தாக்கிவிடுகிறது. பத்துப் பதினைந்து வருஷம் கழித்து வால்வு சுருங்கியோ ஒழுகியோ போகிறது. ஒரே அறையில் ஏழு பேர் படுக்கும் வீட்டில் இந்தக் கிருமி தொண்டைக்குத் தொண்டை தாவும். பணக்கார நாடுகளில் வீடு விசாலமானதும் பெனிசிலின் கிடைத்ததும் இந்த நோய் ஏறக்குறைய மறைந்தது. ஆக, இட நெருக்கடியால் தொண்டையில் வந்த தொற்று இருபத்தைந்து வயதில் நெஞ்சைப் பிளக்க வைக்கிறது. பிளந்த நெஞ்செலும்பில் இரண்டாவது தொற்று காத்திருக்கிறது. வறுமைக்கு உடம்பில் இரண்டு தேதி.

3

அந்த இரண்டாவது தொற்று எப்படி வருகிறது?

மேலோட்டமான புண் ஒன்று உண்டு: தோலும் அதன் அடிக்கொழுப்பும் மட்டும் சீழ் கட்டும், கட்டு மாற்றி மருந்து கொடுத்தால் ஆறும். ஆழமானது வேறு. கம்பி கட்டிய எலும்பிலும் அதற்குப் பின்னால் இதயம் இருக்கும் இடத்திலும் கிருமி இறங்கிவிடும். பொதுவாக நூறு அறுவைக்கு ஒன்று முதல் மூன்று வரை இப்படி ஆகிறது என்பது உலக அளவிலான கணக்கு. வந்துவிட்டால், நவீன சிகிச்சைக்குப் பிறகும் பத்தில் ஒருவர் அல்லது அதற்கு மேல் இறப்பதைப் பல மருத்துவமனைகள் பதிவு செய்திருக்கின்றன. அறுவை முடிந்த இரண்டாவது வாரத்தை ஒட்டி, வீட்டுக்குப் போன பிறகுதான் அது அதிகம் தலைகாட்டும். காய்ச்சல், புண்ணில் கசிவு, இருமினால் நெஞ்சுக்குள் எலும்பு 'டொக்'கென்று நகர்வது ஆகியவை அடையாளம்.

இங்கே கவனமாக இருக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. தலைகாட்டுவது வீட்டில், விதை விழுவது பெரும்பாலும் அறுவை அரங்கில். நோயாளியின் மூக்கிலும் தோலிலும் இருப்பதுவும், அங்கே நிற்பவர்களின் கையிலும் மூச்சிலும் இருப்பதுவும்தான் வெட்டிய வாய்க்குள் போகிறது. இது ஊகமல்ல. தடுக்கும் வழிகள் எவை பலித்தன என்று பார்த்தாலே விளங்கும்.

கனடாவின் கால்கரி நகரில் குரூஸ், ஃபோர்ட் என்ற இருவர் பத்து வருஷம் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைப் புண்களை எண்ணி 1980இல் எழுதினார்கள். பிளேடால் மழித்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் சீழ் வைத்தது. மழிக்காமலே விட்டவர்களில் ஒன்றுக்கும் குறைவு. பிளேடு தோலில் போடும் நுண்ணிய கீறல்தான் வாசல். இன்றும் மழிப்பதைச் சுத்தத்தின் அடையாளமாகவே நாம் நினைக்கிறோம். 1992இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் கிளாசனும் உடன் பணியாற்றியவர்களும் 2,847 பேரைப் பார்த்தார்கள். கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போடப்பட்டவர்களில் 0.6 சதவீதத்துக்குத்தான் தொற்று. வெட்டி மூன்று மணி நேரம் தாண்டிப் போட்டவர்களில் 3.3 சதவீதம். மருந்து ஒன்றே, நேரம்தான் வேறு. 1999இல் போர்ட்லண்டில் ஃபர்னரி குழுவினர் சர்க்கரை நோயாளிகளுக்கு அறுவையின்போதும் பிறகும் இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தார்கள். ஆழமான நெஞ்செலும்புத் தொற்று 2.0 சதவீதத்திலிருந்து 0.8க்கு இறங்கியது. 2010இல் நெதர்லாந்தில், மூக்கில் ஸ்டஃபைலோகாக்கஸ் குடியிருப்பவர்களைக் கண்டுபிடித்து மூக்குக்குக் களிம்பும் உடம்புக்கு மருந்துச் சோப்பும் கொடுத்தபோது அந்தக் கிருமியால் வரும் தொற்று 7.7இலிருந்து 3.4 சதவீதமாகியது.

இந்தப் பட்டியலில் ஒன்றுகூட நோயாளியின் குடிசையில் நடப்பதில்லை. எல்லாமே மருத்துவமனைக்குள் ஒருவர் கடிகாரம் பார்த்து, கை கழுவி, இரவு இரண்டு மணிக்கு எழுந்து சர்க்கரை பார்த்துச் செய்ய வேண்டியவை.

4

இந்த இடத்தில்தான் தீட்டு வருகிறது.

மேரி டக்ளஸ் 1966இல் எழுதிய நூலில், அழுக்கு என்பது பொருளின் குணம் அல்ல, இடம் மாறி இருப்பதால் வரும் பெயர் என்று வாதிட்டார். நம் சாதி அமைப்பு இதற்கு ஒரு படி மேலே போனது. அது அழுக்கை ஒரு மனிதனின் பிறப்புக்குள் வைத்தது. கழுவினாலும் போகாது. தில்லையில் நந்தன் கதை அதைத்தானே சொல்கிறது? பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் கோயிலுக்குள் போவதற்கு முன் தீக்குள் இறங்கி எழ வேண்டியிருக்கிறது. அந்த உடம்பு உள்ளே போக முடியாது. இன்னொரு உடம்பாக ஆன பிறகுதான் வாசல் திறக்கிறது. 1879இல் பாரிஸில் பாஸ்டரின் உதவியாளர் சாம்பர்லேன் ஆட்டோகிளேவைக் கண்டுபிடித்தார். அங்கேயும் வெப்பம்தான் சுத்தம் செய்கிறது. ஆனால் அது கத்தியைச் சுத்தம் செய்கிறது, மனிதனை அல்ல. எவன் கையில் இருந்த கத்தியானாலும் அதே வெப்பம், அதே நேரம்.

கிருமிக் கொள்கைக்குள் ஒரு சமத்துவம் ஒளிந்திருக்கிறது என்பது என் வாதம். 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் கண்டதும் அதைத்தான். டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்த முதல் பிரிவில் தாய்மார்கள் பத்தில் ஒருவர் என்ற கணக்கில் செத்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த இரண்டாவது பிரிவில் சாவு அதில் பாதிக்கும் குறைவு. பெண்களுக்கு இது தெரிந்திருந்தது. முதல் பிரிவில் சேர்க்காதீர்கள் என்று கெஞ்சினார்கள். பிணத்தை அறுத்த கையோடு டாக்டர்கள் பிரசவ அறைக்கு வந்ததுதான் காரணம். குளோரின் நீரில் கை கழுவச் செய்ததும் சாவு இறங்கியது. ஆனால் கனவான்களின் கை அழுக்காக இருக்க முடியும் என்பதைப் பெரிய டாக்டர்கள் பலர் ஏற்கவில்லை. தீட்டு எப்போதும் அடுத்தவன் கையில்தான் இருக்கும். செம்மல்வைஸ் அதை மேல்சாதிக் கையில் காட்டினார் எனலாம்.

லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தை வைத்துப் புண் அழுகாமல் காத்த விவரத்தை லான்செட் இதழில் எழுதியது 1867. அதே 1867 மே மாதம் வடலூரில் வள்ளலார் சத்திய தருமசாலையைத் திறந்தார். சாதி பாராமல் சோறு. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததாகச் சொல்லவில்லை. ஆனால் புண்ணுக்கு இரண்டும் வேண்டும் என்பது உடம்பின் கணக்கு. புரதம் இல்லாத உடம்பில் எலும்பு கூடாது, தோல் ஒட்டாது. மருந்துச்சீட்டில் 'நன்றாகச் சாப்பிடவும்' என்று எழுதி அனுப்புகிற வழக்கத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தன் பெயரால் பள்ளி திறந்தார். நந்தனைத் தீயிலிருந்து எடுத்துப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்த காரியம் அது. 1985இல் அதே ஊரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி வந்தது. ஆக ஒரே ஊரில் தீட்டின் பழைய சொல்லாடலும் கிருமியின் புதிய சொல்லாடலும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. புதியது பழையதை விரட்டிவிடும் என்று நம்பியவர்கள் உண்டு. நடந்தது என்ன? தமிழ்நாட்டின் எந்த மருத்துவமனைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ரத்தம் தோய்ந்த கட்டை வாளியில் எடுத்துப் போகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்? 'சுத்தம்' என்ற சொல்லை அங்கே இரண்டு பேர் இரண்டு பொருளில் பேசுகிறார்கள். ஒன்று செய்முறை: கை, கத்தி, நேரம். இன்னொன்று குணம்: 'அந்தச் சனங்க சுத்தமா இருக்க மாட்டாங்க.' முதலாவது தோற்கும்போதெல்லாம் இரண்டாவது உதவிக்கு வருகிறது.

5

புவனகிரிப் பக்கம் எனக்குச் சின்னம்மா முறை ஒருவர். நடவு, களையெடுப்பு வேலை. வாதக் காய்ச்சலில் கெட்ட வால்வை ஒரு பெரிய நகரத்துப் பெரிய மருத்துவமனையில் மாற்றினார்கள். அட்டையில் நடந்தது, பைசா வாங்கவில்லை. வீடு வந்த ஐந்தாம் நாள் கசிவு. "புண்ணு வாய் வுட்டுடுச்சி தம்பி" என்று போன் வந்தது. பக்கத்தில் இருந்த மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். அங்கே இருந்தவர் நல்ல மனுஷன்தான். ஆனாலும் "இது அவங்க செஞ்ச ஆபரேஷன், நாங்க கை வெக்க முடியாது, செஞ்ச எடத்துக்கே போங்க" என்றார். மேலே ஒரு கட்டைப் போட்டு அனுப்பினார். பஸ்ஸில் ஐந்து மணி நேரம்.

செய்த இடத்தில் முதல் கேள்வி: "வீட்ல என்னத்தைப் போட்டீங்க? மஞ்சளா, திருநீறா?" ஒன்றும் போடவில்லை. "அப்ப சுத்தமா வெச்சுக்கல." அதற்குப் பிறகு சின்னம்மா பேசவில்லை. சோதனைச்சாலை முடிவில் வந்த கிருமி சாதாரண மருந்துகள் பலவற்றுக்கு அடங்காத ரகம். அந்த ரகம் பெரும்பாலும் வார்டிலும் ஐசியூவிலும் வளர்வது. அந்தக் காகிதத்தைப் படித்துச் சொல்ல அவரிடம் யாரும் உட்காரவில்லை.

பெண்ணுடம்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நெஞ்செலும்பின் நடுக்கோடு இரண்டு மார்புக்கும் நடுவே ஓடுகிறது. மார்பின் பாரம் இரண்டு பக்கமும் தையலை இழுக்கும். கனத்த மார்புள்ள பெண்களுக்குப் புண் பிரியும் ஆபத்து கூடுதல். அதனால் தாங்கிப் பிடிக்கிற உள்ளாடை அணிய வேண்டும் என்பது மருத்துவ நூல்களில் இருக்கிறது. சின்னம்மாவுக்குக் கொடுத்த அச்சடித்த தாளில் அதற்கு ஓர் ஆங்கிலச் சொல்தான் இருந்தது. "பாடி போட்டுக்கோம்மா, ராத்திரியும் கழட்டாத" என்று அவருக்குப் புரியும் சொல்லில் சொல்ல ஆண் டாக்டருக்குக் கூச்சம், நர்ஸுக்கு நேரமில்லை. அவர் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிடந்தார். கசிவு முதலில் தெரிந்த அன்றே சொல்லாததற்கும் அதுதான் காரணம். 'அந்த எடத்த' யாரிடம் அவிழ்த்துக் காட்டுவது? சங்கப் பாட்டில் மார்புப் புண் விழுப்புண், காட்டிப் பெருமைப்படும் புண். அந்தப் பெருமை ஆண் மார்புக்கு மட்டும்.

மறுபடியும் திறந்தார்கள், தசையை நகர்த்தி மூடினார்கள், பிழைத்தார். நாலு மாதம் கூலி போனது. பஸ் சத்தம், கூட இருந்தவரின் சாப்பாடு, அடகு வைத்த தோடு எதுவும் எந்த அட்டையிலும் வராது.

6

'மறுபடியும் திறந்தார்கள், தசையை நகர்த்தினார்கள்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டேன். அந்த வரிக்குப் பின்னால் அரை நூற்றாண்டு இருக்கிறது. ஆரம்பத்தில் சீழ் வைத்த நெஞ்சைத் திறந்து துணி அடைத்து, தானாக ஆறட்டும் என்று விட்டார்கள். பாதிப்பேர் வரை செத்ததாகப் பழைய பதிவுகள் உண்டு. 1963இல் ஷுமேக்கரும் மண்டல்பாமும் குழாய் வைத்து மருந்து நீரை உள்ளே ஓடவிட்டுக் கழுவும் முறையைச் சொன்னார்கள். 1976இல் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரையான வபையை மேலே இழுத்து நெஞ்சுக் குழியை நிரப்பினார்கள். 1980இல் ஜுர்க்கிவிச் குழுவினர் செத்த எலும்பை வெட்டி எடுத்துவிட்டு மார்புத் தசையைத் திருப்பி அதில் வைத்தார்கள். ரத்தம் ஓடும் சதை போன இடத்துக்கு மருந்தும் போகும், உடம்பின் காவல் அணுக்களும் போகும். சாவு நன்றாகக் குறைந்தது. 1997இல் ஆர்ஜென்டாவும் மோரிக்வாஸும் எழுதிய முறை புண்மேல் பஞ்சு வைத்து, காற்றுப் புகாமல் ஒட்டி, மெல்ல உறிஞ்சும் இயந்திரம். அடுத்த சில வருஷங்களில் அது நெஞ்செலும்புக்கும் வந்தது.

எல்லாவற்றிலும் சாரம் ஒன்றுதான். செத்ததை எடு, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார், அதற்குரிய மருந்தை வாரக்கணக்கில் கொடு, உயிருள்ள சதையால் மூடு. முதல் கசிவுக்கும் இந்த முதல் படிக்கும் நடுவே போகிற நாட்கள்தான் ஆளைக் கொல்கின்றன. புவனகிரிக்கும் பெருநகரத்துக்கும் இடையேயான தூரம் அந்த நாட்களாக மாறுகிறது.

மருந்தின் கதை இதற்கு எதிர்த்திசையில் ஓடியது. ஆன்டிபயாடிக் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் கை கழுவுவதற்கும் ஆள் போடுவதற்கும் பதிலாக அது நின்றது. நர்ஸ் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பதைவிட நோயாளி எல்லோருக்கும் ஊசியை நாலு நாள் நீட்டிப்பது சுலபம். இதய அறுவைக்குத் தடுப்பு மருந்து ஒன்றிரண்டு நாளுக்கு மேல் தேவையில்லை என்று வழிகாட்டு நூல்கள் சொல்லியும் நீட்டிக்கிறார்கள். விளைவு 2010 ஆகஸ்டில் உலகத்துக்கே தெரிந்தது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை லான்செட் தொற்றுநோய் இதழில் வந்தது. கடைசிக் கட்ட மருந்துகளான கார்பாபெனம்களையும் முறிக்கும் என்டிஎம்-1 என்ற நொதி, சென்னை உட்பட இந்தியாவின் பல ஊர்களில் எடுத்த கிருமிகளில் இருந்தது. பெயரில் 'நியூ டெல்லி' இருக்கிறதே என்றுதான் அரசு கோபப்பட்டது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்று பேச்சு எழுந்தது. செம்மல்வைஸ் காலத்துப் பெரிய டாக்டர்கள் பேசிய அதே குரல்: எங்கள் கை அழுக்கா? 2012இல் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள் 'சென்னைப் பிரகடனம்' என்று ஒரு செயல்திட்டம் எழுதின. 2014இல் முக்கியமான பல ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டும் பதிவேடும் இல்லாமல் விற்கக்கூடாது என்ற எச்-1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. இவை தேவையானவை. ஆனால் சீட்டைக் கட்டுப்படுத்துவது மட்டும் போதாது. கை கழுவ ஆள் வேண்டும், நேரம் வேண்டும், குழாயில் தண்ணீர் வேண்டும்.

7

ஆகவே நெஞ்சுப் புண் ஒரு தொழிலாளர் பிரச்சினையும்கூட. இதை நம் தோழர்கள் பலர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் ஒப்பந்த நர்ஸுகள் திரண்டு உட்கார்ந்தபோது அவர்கள் மாதச் சம்பளம் 7,700 ரூபாய். பத்திரிகைகள் அதைச் சம்பளப் போராட்டம் என்று எழுதின. இன்சுலின் சொட்டை மணிக்கொரு தடவை பார்க்க வேண்டியவள் நாற்பது படுக்கைக்கு ஒருத்தியாக ஓடும்போது எந்தப் புண் பிரியும் என்று யாரும் எழுதவில்லை. துப்புரவு வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட பிறகு தரை பளபளக்கிறது. கிருமி தரையில் இருந்து நெஞ்சுக்கு ஏறுவது அபூர்வம். கையிலிருந்து போவதுதான் அதிகம். தரையைத் துடைப்பவரை மேற்பார்வை பார்க்க ஆள் இருக்கிறது. பெரிய டாக்டர் இரண்டு படுக்கைக்கு நடுவே கை கழுவினாரா என்று கேட்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது?

சிதம்பரத்தில் 2020 டிசம்பரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் அரசுக் கல்லூரிக் கட்டணம் கேட்டுப் போராடத் தொடங்கினார்கள். ஐம்பது நாளுக்கு மேல் நீடித்தது. பல்கலைக்கழகத்தை 2013இலேயே அரசு தன் பொறுப்பில் எடுத்திருந்தும் கட்டணம் குறையவில்லை. 2021 ஜனவரியில் கல்லூரியைச் சுகாதாரத் துறைக்கு மாற்ற அரசு ஆணையிட்டது. கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. போராடியவர்கள் கட்டணத்துக்காகத்தான் போராடினார்கள். ஆனால் அதன் பலன் கட்டணத்தோடு நிற்க வேண்டியதில்லை. மாவட்டத்துக்கென்று ஓர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும்போது, வேறெங்கோ திறந்த நெஞ்சின் புண்ணை இங்கே பார்க்கும் பொறுப்பை அதற்குக் கேட்டு வாங்கலாம்.

என்ன கேட்பது? நான்கு விஷயம் எனக்குத் தோன்றுகிறது.

ஒன்று, அறுவை செய்த இடமும் மாவட்ட மருத்துவமனையும் ஒரே புண்ணுக்குக் கூட்டுப் பொறுப்பு ஏற்க வேண்டும். "செஞ்ச எடத்துக்கே போ" என்பது பதிலாக இருக்கக் கூடாது. கசிவைத் துடைத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பவும், அறுவை செய்தவரோடு அன்றைக்கே பேசவும் கடலூரிலும் சிதம்பரத்திலும் ஏற்பாடு வேண்டும்.

இரண்டு, மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கு வருகிறது. வருகிற பெண் ஊழியர் நெஞ்சு அறுவை முடிந்தவரின் புண்ணையும் முதல் ஒரு மாதம் பார்க்கலாம். சின்னம்மா மாதிரி ஒருவர் இன்னொரு பெண்ணிடம் ரவிக்கையை அவிழ்த்துக் காட்டுவார். ஆனால் அதற்கு அந்த ஊழியருக்குப் பயிற்சியும் கூடுதல் சம்பளமும் வேண்டும். தொண்டு என்று அவள் தலையில் கட்டிவிடக் கூடாது.

மூன்று, கணக்கு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் குழந்தைகளுக்கான இதய அறுவையில் நடந்த சாவுகளை விசாரித்த குழு 2001இல் அறிக்கை தந்தது. பிள்ளைகளை இழந்த பெற்றோர் விடாமல் கேட்டதால் வந்த விசாரணை. அதன் பிறகுதான் அந்த நாட்டில் இதய அறுவை முடிவுகளைப் பொதுவில் வைக்கும் வழக்கம் உறுதிப்பட்டது. காப்பீட்டுப் பணம் பொதுப்பணம். அதை வாங்கும் ஒவ்வொரு மருத்துவமனையும் எத்தனை நெஞ்சைத் திறந்தது, மூன்று மாதத்துக்குள் எத்தனை சீழ் வைத்தது என்ற இரண்டு எண்ணைத் தன் வாசலில் எழுத வேண்டும். 2005 முதல் தகவல் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. அரசு நடத்தும் காப்பீட்டுத் திட்டத்திடம் இந்த எண்களை எழுதிக் கேட்பதற்குப் பத்து ரூபாய்தான் ஆகும்.

நான்கு, மொழி. புண் பிரிந்தால் முதல் கேள்வி 'வீட்ல என்ன போட்ட' என்பதாக இருக்கக் கூடாது. 'கத்தி வைக்கிறதுக்கு முன்னால எத்தனை மணிக்கு மருந்து போட்டோம், சர்க்கரை எவ்வளவு இருந்துச்சு, யார் கை பட்டுச்சு' என்று மருத்துவமனை முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்குத் தருகிற தாளில் தமிழ் வேண்டும், அதுவும் சின்னம்மாக்கள் பேசுகிற தமிழ். தமிழ் படித்த நாம் இதில் நேரடியாகச் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. கலைச்சொல் அகராதிக்காக எத்தனையோ பேர் உழைத்திருக்கிறோம். ஒரு பக்கத் தாளில், என்ன நடந்தால் உடனே வர வேண்டும், யாருக்குப் போன் செய்ய வேண்டும், என்ன உடுத்த வேண்டும் என்று எழுதித் தர எத்தனை பேர் முன்வருவோம்?

தொடாக் காஞ்சியில் பேயை விரட்டும் வேலை மனைவியுடையது. ஊருக்கோ மன்னனுக்கோ அதில் பங்கு இல்லை. வீரன் செத்தால் நடுகல் வைப்பார்கள், பிழைத்தால் அடுத்த போருக்குக் கூப்பிடுவார்கள். நாமும் இன்றைக்கு அந்த ஏற்பாட்டையே வைத்திருக்கிறோம். நெஞ்சைத் திறப்பது அரசின் சாதனை, மூடிய பிறகு அது வீட்டுப் பெண்களின் பாடு. இந்த எல்லைக்கோட்டை மாற்ற வேண்டும் என்பதே என் கோரிக்கை. கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் பக்கத்து நண்பர்கள் தங்கள் ஊரில் இதய அறுவை முடிந்து திரும்பியவர்களை விசாரித்து எழுதினால், அடுத்து தகவல் உரிமை மனுவை எந்த அலுவலகத்துக்கு, எந்தக் கேள்விகளோடு போடுவது என்று சேர்ந்து முடிவு செய்யலாம்.